ஜெயில்னா எல்லாம் ஒண்ணு இல்லங்க - தொரப்பாடியில இருந்து பேசறேன்

வணக்கம் மக்களே, நான் இப்ப வேலூர் தொரப்பாடில நிக்கிறேன், அந்தாண்ட இருக்கறது சென்ட்ரல் ஜெயில், கேமராவ அந்தப் பக்கம் திருப்ப மாட்டேன். 1830ல ஆரம்பிச்சது, ராஜாஜி கூட 1921 கடைசில இங்கதான் வந்து மூணு மாசம் இருந்தாரு.

நம்மாளுங்க "உள்ள போயிட்டான்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க, ஆனா எந்த ஜெயிலு, என்ன கைதின்றத பொறுத்து ஒரு நாள் போறதே வேற வேற மாதிரிங்க. கிளைச்சிறைனா சின்ன கட்டடம், கொஞ்சம் பேரு, செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. சென்ட்ரல் ஜெயில்ல தண்டனை கைதிங்களுக்கு வெள்ளை டிரஸ், வேலை, கூலி, லைப்ரரி, படிப்பு எல்லாம் உண்டு, நம்ம வேலூர்ல போலீஸ்காரங்க போடற ஷூ கூட உள்ள தைக்கிறாங்க. நன்னடத்தைல பேரு வாங்கினா சிவகங்கை பக்கம் புரசடை உடைப்புல திறந்தவெளி சிறை இருக்கு, அங்க விவசாயம்தான் வேலை. இங்க வேலூர் சென்ட்ரல் ஜெயிலுக்கு பக்கத்துலயே பொம்பளைங்களுக்கு தனிச்சிறை, ஆறு வயசு வரைக்கும் குழந்தைய அம்மா கூடவே வச்சிக்கலாம்.

எனக்கு வயிறு எரியறது, கேஸு முடியாம உள்ள இருக்கற விசாரணை கைதிங்கள நெனச்சாதான். சொந்த டிரஸ் போட்டுக்கலாம், வேலை செய்யணும்னு கட்டாயம் இல்ல, கேக்கறதுக்கு சொகமாதான் இருக்கு, ஆனா வேலை இல்லன்னா கூலியும் இல்ல, எப்ப வெளிய வருவோம்னு ஒரு தேதியும் இல்ல. தண்டனை கைதியாவது நாள எண்ணிக்கினு இருக்கலாம், தண்டனைல கழிவு கிடைக்கும், பரோல்ல வந்து பொண்ணு கல்யாணத்த பாக்கலாம், இவனுக்கு வாய்தா, அது முடிஞ்சா அடுத்த வாய்தா, அவ்ளோதான். 2022 கணக்குப்படி நாடு முழுக்க ஜெயில்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேரு இவங்கதான், 4 லட்சத்து 34 ஆயிரம் பேரு, யார் மேலயும் அந்த கேஸுல குத்தம் இன்னும் நிரூபணம் ஆவல!

அதனால மனு போட்டு கைதிய பாக்க வர்ற அம்மாங்க, அக்காங்க இத தெரிஞ்சிக்கோங்க. 2024 ஜூலைல வந்த பிஎன்எஸ்எஸ்ன்ற குற்ற விசாரணை முறை சட்டத்துல 479வது பிரிவு, இதுக்கு முன்னாடி எந்த கேஸுலயும் தண்டனை வாங்காதவரு அந்த குத்தத்துக்கான அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டாருன்னா ஜாமீன்ல விடணும், மத்தவங்களுக்கு பாதி. ஆயுள், தூக்கு வரைக்கும் போற கேஸுக்கு இது கிடையாது, பல கேஸு நிலுவைல இருந்தாலும் கிடையாது. ஜெயில் சூப்பிரண்டே கோர்ட்டுக்கு எழுதணும்னு சட்டத்துலயே இருக்கு, அதனால கூச்சப்படாம கேளுங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி, ரிமாண்ட் ஆன தேதியயும் கேஸ் நம்பரயும் கைல எழுதி வச்சிக்கினு பேசுங்க.