காதும் கூந்தலும் இல்லாத தன்னுருவங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் குரல் உங்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், அந்தக் காதை உங்களால் உணர முடிகிறதா என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒலி கேட்கிறது, ஆனால் காது என்ற உறுப்பு அங்கே இருப்பதாக உடல் எதுவும் சொல்வதில்லை. நாற்காலியின் விளிம்பு தொடையில் அழுத்துவதையும், பிடரியில் பகல் முழுவதும் சேர்ந்த இறுக்கத்தையும், உள்ளே போகும் மூச்சு மூக்குத் துளையில் சில்லென்று படுவதையும் நன்றாகவே உணர்வீர்கள். கண்ணாடி பார்க்காமல், உடல் இப்போது உணர்வதை மட்டும் கொண்டு உங்களை நீங்களே வரைய வேண்டுமென்றால், அந்தப் படத்தில் காது இடம்பெறாது. ஆஸ்திரிய ஓவியர் மரியா லாஸ்னிக் வரைந்த தன்னுருவங்கள் பலவற்றில் காது இல்லை, தலைமுடி இல்லை. சிலவற்றில் மண்டையின் மேற்பகுதியே இல்லை. முதன்முறை பார்ப்பவர்கள் அதைக் கோரம் என்று நினைத்து ஒதுங்கிவிடுவதுண்டு. நான் அதை நேர்மை என்று எண்ணுகிறேன்.

லாஸ்னிக் 1919-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் தென்பகுதியிலுள்ள கரிந்தியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தாய்க்குத் திருமணமாகாத நிலையில் பிறந்த குழந்தை என்பதால், முதல் சில ஆண்டுகள் பாட்டியிடம் வளர்ந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியையாகச் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வியன்னாவின் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். நாஜிகள் தங்களுக்குப் பிடிக்காத கலையைச் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி வந்த காலம் அது. அவருடைய வண்ணங்களைப் பார்த்து அவருடைய ஆசிரியரே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதால், அவர் வேறு வகுப்புக்கு மாற வேண்டியதாயிற்று.

1940-களின் இறுதியில் அவர் தொடங்கிய சிறிய கோட்டுச் சித்திரங்களுக்கு 'அகநோக்கு அனுபவங்கள்' என்று பெயரிட்டார். பின்னாளில் நியூயார்க்கில் வாழ்ந்தபோது தம் முறையை 'பாடி அவேர்னஸ்' என்று அழைக்கத் தொடங்கினார். தமிழில் இதை 'மெய்யுணர்வு' என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்தச் சொல் நம் மரபில் மெய்ப்பொருளை உணர்வதற்கு உரியதாகிவிட்டது. ஆகவே 'உடலுணர்வு ஓவியம்' என்றே சொல்கிறேன்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த முறை, செய்து பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று புரியும். ஓவியம் கற்பிப்பவன் என்ற முறையில் நானும் ஒருநாள், தோள்பட்டை வலி இருந்த நேரத்தில், தரையில் தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்தேன். வலது தோள் ஒரு கல்லைப் போலப் பெரிதாக வந்தது, தாடை வந்தது, அடிவயிறு ஒரு குழியாக வந்தது. இடது கைக்கு என்ன கோடு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே ஒன்றையும் நான் உணரவில்லை. ஆயினும் இருபது ஆண்டு பழக்கமுள்ள என் விரல்கள், கண் நினைவில் வைத்திருந்த கையை எந்த அனுமதியும் கேட்காமல் வரைந்து முடித்துவிட்டன. அந்தக் கை அழகாகவே இருந்தது. தாளில் பொய்யான பகுதி அது ஒன்றுதான். உணர்வுக்கு விளிம்பு கிடையாது, அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. கோடு போட்டு முடிப்பதற்குள் வலி நகர்ந்துவிடுகிறது. லாஸ்னிக் சில நேரங்களில் ஓவியத் துணியின் மேலோ அதன் அருகிலோ படுத்துக்கொண்டு வரைந்தது விசித்திரத்துக்காக அன்று, முதுகும் இடுப்பும் தரையில் படுவதை உணர்ந்தபடியே தூரிகையை நகர்த்துவதற்காகத்தான்.

வண்ணங்களில் அவர் இன்னும் துணிந்து சென்றார். நெற்றிக்கு எண்ணத்தின் நிறம், மூக்குக்கு மணத்தின் நிறம் என்று அவர் எழுதி வைத்த ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வலிக்கான நிறங்களும், அழுத்தத்துக்கும் இழுபடுவதற்கும் உரிய நிறங்களும், எரிச்சலின் நிறங்களும், சாவின் நிறங்களும், புற்றுநோய் அச்சத்தின் நிறங்களும்கூட வருகின்றன. இவையே உண்மையான நிறங்கள் என்று அவர் முடிக்கிறார். அவருடைய படங்களில் தோலின் மேல் திடீரென்று வரும் அந்த வெளிர்பச்சையையும், பல்லில் கூச்சம் ஏறுவது போன்ற இளஞ்சிவப்பையும் இந்தப் பட்டியலை மனத்தில் கொண்டு பார்க்க வேண்டும். அவரை உணர்ச்சிகளைக் கொட்டி வரைந்தவர் என்று வகைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடி பார்க்கும் மருத்துவரின் பொறுமையோடு, நெஞ்சில் எங்கே கனக்கிறது, தொண்டையில் எங்கே அடைக்கிறது என்று தேடிக் குறித்து வைத்தவர் அவர்.

அப்படியானால் துயரம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். 1964-இல், அவர் பாரிசில் வசித்துவந்த காலத்தில், அவருடைய தாய் இறந்தார். அந்த இழப்பு பல ஆண்டுகள் அவருடைய படங்களில் வந்துகொண்டே இருந்தது. 1971-இல் நியூயார்க்கில் வரைந்த ஒரு தன்னுருவத்தில், அவருக்குப் பின்னால் உள்ள ஓவியத்துக்குள்ளிருந்து தாய் கைகளை நீட்டி மகளின் தோள்களில் வைக்கிறார். இறந்தவரின் கை தோளில் கனப்பதை உணர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கனத்தை வேறு விளக்கம் எதுவும் இல்லாமல் அது கனத்த இடத்திலேயே அவர் வரைந்துவிட்டார்.

நியூயார்க்கில் அவருடைய உடலுணர்வு ஓவியங்களுக்கு வரவேற்பு இல்லை. அவர் அசைவூட்டப் படம் செய்யக் கற்றுக்கொண்டு, தம் முகத்தையே அசையவிட்டுக் குறும்படங்கள் எடுத்தார். 1980-இல் வியன்னாவுக்குத் திரும்பி, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஓவியப் பேராசிரியராக அமர்ந்த முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றபோது, அவருக்கு வயது 60 கடந்திருந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை வழங்கியது 2013-இல். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காலமானார். இவ்வளவு தாமதத்தை என்னால் இன்றும் மனம் ஆறி ஏற்க முடியவில்லை.

ஆனால் அவர் காத்திருந்ததாகத் தெரியவில்லை. முதுமை வந்தபோது, உடல் புதிதாகச் சொல்லத் தொடங்கியவற்றையும் அவர் விடாமல் வரைந்தார். 2005-இல் வரைந்த 'நீயா நானா' என்ற பொருள்படும் தன்னுருவத்தில், எண்பத்தைந்து வயதை ஒட்டிய ஒரு பெண் ஆடையின்றி, தலையில் முடியின்றி, வெறும் வெளிர்ந்த பின்னணியில் கால்களை அகட்டி அமர்ந்திருக்கிறார். தொங்கும் மார்பையும் தளர்ந்த வயிற்றையும் மறைக்க எந்த முயற்சியும் இல்லை. ஒரு கையிலுள்ள துப்பாக்கி அவருடைய நெற்றிப்பொட்டில் பதிந்திருக்கிறது; மறு கையிலுள்ள துப்பாக்கி, படத்தின் முன்னால் வந்து நிற்பவர் யாராயினும் அவரை நோக்கியிருக்கிறது. கண்கள் அகலத் திறந்திருக்கின்றன.