சேத்துல பொறந்த தலைநகரம்

வணக்கம் நேயர்களே. கோலாலம்பூரைப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க, ரெட்டைக் கோபுரத்துல ஆரம்பிப்பேன்னு நினைச்சிருப்பீங்க, நான் சேத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். மலாய்ல கோலான்னா ஆறு சேர்ற இடம், லும்பூர்னா சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்ற முனையில, 1857ல அம்பாங் பக்கம் ஈயம் தோண்டப் போன சீனத் தொழிலாளிங்க படகை விட்டு இறங்குனாங்க, அதுக்கு மேல படகு போகாது, அவ்ளோதான் காரணம். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க காய்ச்சல்லயே போயிட்டாங்க.

அப்புறம் 1881. முதல்ல தீ, அதே வருஷம் வெள்ளம், அத்தாப்பு ஓலைக் கூரை ஊரே காலி. இனிமே செங்கல்லதான் கட்டணும்னு வெள்ளைக்கார அதிகாரி ஸ்வெட்டன்ஹாம் உத்தரவு போட, சீனத் தலைவர் யாப் ஆ லோய் பெரிய சூளை போட்டார், அந்தச் செங்கல் சூளைப் பேட்டைதான் நம்ம பிரிக்பீல்ட்ஸ். பின்னாடி ரயில்வே வந்துச்சு, தமிழ்நாட்டுல இருந்தும் யாழ்ப்பாணத்துல இருந்தும் நம்மாளுங்க வந்தாங்க. எங்க தாத்தாவும் ரயில்வேதான். குவார்ட்டர்ஸ் வீட்டு வாசப்படிச் செங்கல்லதான் பாட்டி கத்தி தீட்டுவாங்க, தீட்டித் தீட்டி நடுவுல பள்ளமே விழுந்திருக்கும், நாங்க பசங்க அதுல கோலிக்குண்டு உருட்டுவோம். இப்ப அங்க காண்டோ, அடுக்குமாடி வீடு, நிக்குது.

1957 ஆகஸ்ட் 31 காலையில தாத்தா மெர்டேக்கா ஸ்டேடியத்துக்குப் போயிருக்காரு. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு தடவை மெர்டேக்கா, அதாவது சுதந்திரம்னு முழங்குனது எல்லாருக்கும் தெரியும், தாத்தா மட்டும் சாகுற வரைக்கும் ஆறுதான்னு சண்டை போட்டாரு! அந்த ஸ்டேடியத்தை ஒட்டி இப்ப மெர்டேக்கா 118 கோபுரம், 678.9 மீட்டர், பக்கத்துல ஸ்டேடியம் சாம்பார்க் கிண்ணம் மாதிரி இருக்கு. ரெட்டைக் கோபுரம் நிக்கிறது குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடம்.

1999ல பிரதமர் ஆபீஸ் புது நிர்வாக நகரமான புத்ராஜெயாவுக்குப் போச்சு, ஒவ்வொண்ணா மத்த ஆபீஸும் போச்சு, நாடாளுமன்றம் மட்டும் இங்கயே தங்கிருச்சு, தலைநகரம்ங்கிற பேரும்தான்.

போகாதது இன்னொண்ணு இருக்கு, வெள்ளம். 1971ல ஊரே மூழ்குச்சு. அதுக்காக 2007ல வெள்ளத் தண்ணிய திருப்பி விடுற ஸ்மார்ட் சுரங்கம் திறந்தாங்க, 9.7 கிலோமீட்டர், அதுல ஒரு நாலு கிலோமீட்டர் கார் ஓடுற ரோடு. பேய்மழை கொட்டுச்சுன்னா கார் எல்லாத்தையும் வெளியேத்திட்டு, காலையில நீங்க டோல் கட்டிப் போன அதே ரோட்டுல தண்ணிய விட்டுருவாங்க.