எந்த வேலைக்கு இந்தப் படிப்பு?

நேயர்களுக்கு வணக்கம். பெண் பிள்ளைகள் பொறுப்பாகப் படிப்பார்கள், பையன்களுக்கு விளையாட்டுப் புத்தி என்று இயற்கை விதி போலப் பேசுகிறோம். இந்தப் பேச்சு எவ்வளவு புதியது என்பதற்கு பிரிட்டனின் கதை ஒன்றே போதும்.

முன்பு அங்கே பரவலாக 11 வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியவர்களைத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டுமான கிராமர் பள்ளிக்கு அனுப்புவார்கள். சிறுமிகள்தான் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு இடம் குறைவு. சரி, என்ன செய்யலாம்? பல ஊர்களில் பெண்களுக்கு மட்டும் தேர்ச்சி வரம்பை உயர்த்திவிட்டார்கள்! பர்மிங்காமில் இந்த இடக்குறைவு வழக்காகி, அது பாகுபாடுதான் என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1989-இல் சொல்ல வேண்டியிருந்தது.

சூ ஷார்ப் என்ற சமூகவியலாளர் 1970-களில் லண்டன் மாணவிகளிடம் பேசியபோது காதல், கல்யாணம், கணவன், குழந்தை என்று அடுக்கினார்கள்; வேலை கடைசியில். 1990-களில் மறுபடி கேட்டார். வேலை முதலிடத்துக்கு வந்திருந்தது. இடையில் சம ஊதியச் சட்டமும் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் 1975-இல் நடைமுறைக்கு வந்தன. அலுவலக வேலைகளும் பெருகின.

1988-இல், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வு வந்தபின் மாணவிகளின் முன்னிலை பெரிதானது. ஆண்டு முழுவதும் எழுதித் தரும் ஒப்படைப்புகள்தான் காரணம் என்றார்கள். பின்னாளில் ஒப்படைப்புகளை வெகுவாகக் குறைத்தும் மாணவிகளே முன்னால் நின்றார்கள்.

அப்புறம், பையன்கள். பால் வில்லிஸ் என்ற ஆய்வாளர் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் 12 பேரோடு பழகி 1977-இல் எழுதினார். ஆசிரியர் சொல்வதைக் கேட்பவனைக் கேலி செய்வதுதான் அவர்களுக்கு ஆண்பிள்ளைத்தனம். அது வெறும் முரட்டுத்தனமல்ல. எப்படியும் தொழிற்சாலைக்குத்தான் போகப் போகிறோம், அங்கே சான்றிதழை யார் கேட்பார்கள் என்ற கணக்கு இருந்தது. 1980-களில் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. கேலி மட்டும் மூடப்படவில்லை. ஆசிரியரின் பாரபட்சம், பாடநூல் படங்கள் ஆண்-பெண்ணைக் காட்டும் விதம் என்று மற்றவர்கள் சொல்லும் விளக்கங்களை எல்லாம்விட, எந்த வேலை காத்திருக்கிறது என்ற இந்தக் கணக்குதான் எனக்கு வலுவாகப் படுகிறது.

பையன்கள் எல்லாரும் பின்தங்கிவிட்டார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வசதியான வீட்டுப் பையன் ஏழை வீட்டுப் பெண்ணைவிட இன்றும் முன்னால்தான். பிரிட்டன் தேர்வு முடிவுகளில் ஆண்-பெண் இடைவெளியைவிட வர்க்க இடைவெளியே அகலம். மாணவிகள் இவ்வளவு முன்னேறிய பிறகும், அங்கே மேல்நிலையில் இயற்பியல் எடுப்பவர்களில் பெண்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மதிப்பெண்ணில் குறையில்லை, இயற்பியல் சார்ந்த வேலைகளில் தங்களை இன்னும் பார்க்கவில்லை.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.