மொழி படிப்பவர்கள் பிப்ரவரியில் போக வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானிய மொழி கற்பித்து வருகிறேன் என்பதால் என்னை இன்று பேச அழைத்திருக்கிறார்கள். மொழியைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் பயணத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்பது என் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். வானொலி நிலையத்தாருக்கு இன்னும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

ஜப்பானுக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும், அடுத்த சொல்லாகச் செர்ரிப் பூ வந்துவிடுகிறது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அந்த மரங்கள் பூத்து நிற்பது கண்கொள்ளாக் காட்சி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மொழி படிக்கும் மாணவருக்கு அந்தப் பருவத்தில் அங்கே வேலை குறைவு. மரத்தடியில் நிற்பார், படம் எடுப்பார், 'கிரேய் தெசு நே', அதாவது 'அழகாக இருக்கிறது, இல்லையா' என்று ஒரே வாக்கியத்தை ஒரு வாரம் சொல்லிவிட்டு ஊர் திரும்புவார். அந்த வாக்கியத்தை விமானத்தில் போகும்போதே கற்றுக்கொண்டுவிடலாம். மொழி படிப்பவர்கள் பிப்ரவரியில் போக வேண்டும், அதுவும் டோக்கியோவோடு நின்றுவிடாமல் வெண்பனி கொட்டும் ஊருக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாளைய பிடிவாதம். இதை நான் இன்று இரண்டு மூன்று முறை சொல்லக்கூடும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி என்று நாம் சொல்வது மார்கழிப் பனியை. தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்துவிடும் பனி அது. நான் சொல்வது ஆள் உயரத்துக்குக் குவிந்து, காலையில் வாசற்கதவைத் திறக்க விடாமல் செய்யும் வெண்பனி. ஒரே பிப்ரவரி நாளில் டோக்கியோவில் வானம் நீலமாக, காற்று வறண்டு இருக்கும்; மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அகிதா மாநிலத்தில் ஓயாமல் பனி கொட்டும். காரணம் நமக்குப் பழக்கமானதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு நமக்கு வெறுங்காற்றை அனுப்புகிறது அல்லவா? அதுபோலவே சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, நாட்டின் நடுவே முதுகெலும்பு போல நீண்டிருக்கும் மலைகளில் மோதி, கடற்புறத்தில் பனியாகக் கொட்டிவிட்டு, டோக்கியோ பக்கம் வெறுங்கையோடு வந்து சேர்கிறது.

ஆகவே மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் போகும் பயணம் பெரும்பாலும் டோக்கியோவில் 'கொமாச்சி' என்னும் அதிவேக ரயிலில் தொடங்கும். மொரியோகா வரையில் மணிக்கு 320 கிலோமீட்டர் வரை பறக்கும் அந்த ரயில், அதற்குப் பிறகு சாதாரணத் தண்டவாளத்தில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு மலைகளுக்குள் நுழைகிறது. சுரங்கத்துக்கு முன்பு பழுப்பாக இருந்த வயல், அடுத்த சுரங்கத்துக்குப் பிறகு வெள்ளையாகிவிடும். அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்த மாணவர்கள் அப்போதுதான் தலை தூக்குவார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதை ஜப்பானியர் 'ஷின்ஷின்' என்று சொல்வார்கள். நமக்கும் இரட்டைக்கிளவி புதிதல்ல. மழைக்குச் சடசட, ஓடைக்குச் சலசல, ஓசையே இல்லாத வெளிச்சத்துக்குக்கூடப் பளபள வைத்திருக்கிறோம். ஆனால் ஒன்றுமே கேட்கவில்லை என்பதை ஓர் ஓசையாகச் சொல்லும் இந்த 'ஷின்ஷின்' என்ற சொல்லை வகுப்பறை மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டு எத்தனை முறை விளக்கினாலும் யாருக்கும் பிடிபடுவதில்லை. நடைமேடையில் இறங்கி ஒரு நிமிடம் நின்றால் போதும், விளக்கமே தேவைப்படாது.

வழியில் ககுனோதாதே என்ற ஊரில் இறங்குவோம். சாமுராய்க் குடும்பங்களின் பழைய வீடுகளும் நீண்ட கறுப்பு வேலிகளும் உள்ள தெரு அங்கே இருக்கிறது. வசந்தத்தில் கிளைகள் தாழத் தொங்கிப் பூக்கும் செர்ரி மரங்களுக்குப் பெயர்போன ஊர் என்பதால், ஐயா, இலை கூட இல்லாத மரத்தைப் பார்க்கவா அழைத்து வந்தீர்கள் என்று கேட்காத மாணவர் குழு இல்லை. அவர்களை நான் மரப்பட்டை வேலை செய்யும் கடைக்கு அழைத்துப் போவேன். காட்டுச் செர்ரி மரத்தின் பட்டையை உரித்து, இழைத்து, தேயிலைச் சிமிழ் செய்கிறார்கள். 'கபஸாய்கு' என்பது அந்தக் கைவினையின் பெயர். கையில் வாங்கித் தடவிப் பார்த்தால் மரம் என்றே தோன்றாது, நன்றாகப் பழகிய தோல் போல இருக்கும். பூவைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கடைக்காரருக்கு நின்று பேச நேரம் இருக்காது. பிப்ரவரியில் கடைக்குள் நாங்கள் மட்டுமே இருப்போம். அடுப்பருகே உட்காரச் சொல்வார், தேநீர் கொடுப்பார், எந்த ஊர் என்று விசாரிப்பார். என் பிடிவாதத்துக்கு முதற்காரணம் இதுதான். குளிரில் மனிதர்கள் ஒரு வெப்பத்தைச் சுற்றி உட்கார்கிறார்கள், உட்கார்ந்தால் பேசுகிறார்கள்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்லும் கதைக்கு வருகிறேன். அகிதாவின் தென்பகுதியில் யோகோதே என்றொரு ஊர். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி நடுவில் அங்கே 'கமகுரா' என்னும் விழா நடக்கிறது. இந்தப் பெயரால் எனக்கு ஒரு சங்கடமும் நேர்ந்ததுண்டு. டோக்கியோவுக்குத் தெற்கே பெரிய புத்தர் சிலை இருக்கும் கமகுரா என்ற நகரம் வேறு, இது வேறு. பயணத்திட்டத்தில் நான் 'கமகுரா, மாலை 6 மணி' என்று மட்டும் எழுதிவிட்டேன். ஒரு மாணவர் அந்தப் புத்தர் சிலையைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்து, பனிக்கு நடுவே நின்று, புத்தர் எங்கே என்று கேட்டார். பிழை முழுவதும் என்னுடையது.

கமகுரா என்பது பனியில் குடைந்த வீடு. ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்துக்குப் பனியைக் குவித்து, மிதித்து இறுக்கி, சில நாள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு உள்ளே குடைகிறார்கள். உள்ளே பின்சுவரில் ஒரு மாடம் வெட்டி நீர்த்தெய்வத்தை வைத்து வழிபடுகிறார்கள். தரையில் பாய், நடுவில் சிறு கரியடுப்பு, அதன்மேல் சுடப்படும் மோச்சி என்னும் ஒட்டரிசிப் பண்டம், பக்கத்தில் சூடான அமஜாகே. அமஜாகே என்பது அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் இனிப்பான பானம், நம் கஞ்சியின் பதத்தில் இருக்கும். பெயரில் 'சாகே' என்னும் மது இருந்தாலும் குழந்தைகளும் குடிப்பது. மாலை ஆறு மணிக்கு மேல் ஊரெங்கும் இந்த வீடுகளில் விளக்கு எரியும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி அணிந்த சிறுவர் சிறுமியர் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவார்கள்: 'ஹைத்தே தன்சே! ஒகந்தே தன்சே!'

மதுரையைச் சேர்ந்த ஒரு மாணவி. அந்த டிசம்பரில்தான் மொழித்திறன் தேர்வு எழுதி, ஜனவரி இறுதியில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தார். அந்தத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் எல்லாவற்றையும் சோதிக்கும் அந்தத் தேர்வில் பேச்சு மட்டும் கிடையாது. ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசாமல் மிக உயர்ந்த நிலையில் தேறிவிட முடியும். அப்படித் தேறியவர் இந்தப் பனிவீட்டின் வாசலில் திகைத்து நின்றுவிட்டார். 'தன்சே' என்ற சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை. நான் அருகில்தான் இருந்தேன். வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். 'ஹைத்தே' என்றால் நுழைந்து. நம் வினையெச்சம் போலத்தான். நுழைந்து என்று கூப்பிட்டால் பின்னால் வருவது 'வாருங்கள்', 'தாருங்கள்' போல ஏதோ மரியாதைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். பாடநூல் ஜப்பானிய மொழியின் 'குதஸாய்' இங்கே 'தன்சே' ஆகியிருக்கிறது. உள்ளே வாருங்கள், கும்பிட்டுப் போங்கள் என்கிறார்கள். முகம் மலர்ந்துவிட்டது. 'ஒஜாமா ஷிமாசு', அதாவது 'தொந்தரவு தருகிறேன்' என்று முறைப்படி சொல்லி, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார். நம் வீடுகளில் வளர்ந்தவருக்குச் செருப்பைக் கழற்றச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கதை இத்தோடு முடியவில்லை. உள்ளே உட்கார்ந்தவர் பனிச்சுவரைக் கையால் தொட்டுப் பார்த்து 'ஸமூய்!' என்றார். எதிரே இருந்த எட்டு வயதுச் சிறுமி தலையை ஆட்டி மறுத்து, 'ஷக்கோய்' என்று திருத்தினாள். 'ஸமூய்' என்பது காற்றும் வானிலையும் தரும் குளிர். கையால் தொட்டு உணரும் குளிருக்கு 'ட்ஸுமெதாய்' என்று வேறு சொல் இருக்கிறது. அந்த வட்டார வழக்கில் அதுவே 'ஷக்கோய்'. இந்த வேறுபாட்டை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன், மாணவர்களும் ஆண்டுதோறும் தவறு செய்கிறார்கள். ஏன் தவறுகிறார்கள் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். தமிழில் நமக்கு இந்த வேறுபாடு இயல்பாகவே உண்டு. வெளியே குளிர்கிறது என்போம். பானைத் தண்ணீரில் கை வைத்தால் சில்லென்றிருக்கிறது என்போம். மாற்றிச் சொல்ல மாட்டோம். ஆனால் நம் மாணவர்கள் ஜப்பானிய மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கையில் இருக்கும் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வேறொருவர் வீட்டு வழியாகச் சுற்றி வந்தால் இப்படித்தான் ஆகும். இதை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம் யாரும் குறித்துக்கொண்டதாக நினைவில்லை. அந்தச் சிறுமி ஒரே சொல்லில் சொன்னதை அந்த மாணவி இன்றுவரை மறக்கவில்லை. இப்போது தாமே கற்பிக்கிறார், 'சில்' என்றால் 'ட்ஸுமெதாய்' என்றுதான் தொடங்குகிறார்.

கமகுரா முதலில் முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள் ஒட்டி வரும் 'சிறு புத்தாண்டு' வழிபாடாக இருந்தது. இங்கே ஒரு தமிழ்த் தொடர்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்ட பேராசிரியர் ஓனோ சுசுமு, அந்தச் சிறு புத்தாண்டுச் சடங்குகளை நம் பொங்கலோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய உறவுக் கொள்கையை ஏற்கவில்லை. எனக்கும் அதில் முழு நம்பிக்கை கிடையாது. வினைச்சொல் கடைசியில் வருவது, உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது போன்ற ஒற்றுமைகள் கற்பதற்கு உதவும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாட முடியாது. இருந்தாலும் தை மாதத்தில் பானை பொங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அடுத்த மாதமே பனிக்குள் ஒரு தெய்வத்துக்கு முன்னால் மோச்சி சுடுவதைப் பார்க்கும்போது அந்நியமாக உணர்வதில்லை. அந்த அளவில் ஓனோவுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

குளிர் தாங்குமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். தாங்கும். உள்ளே அடுக்கடுக்காக உடுத்த வேண்டும், ஒரே கனமான கோட்டை நம்பக் கூடாது. அங்கே எந்தக் கடையிலும் 'கைரோ' என்ற சிறு பொட்டலம் கிடைக்கும். உறையைக் கிழித்தவுடன் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கத் தொடங்கி, அந்தத் துருவே பல மணி நேரம் வெப்பம் தரும். சட்டைப்பையில் ஒன்று போதும். காலணிதான் முக்கியம். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூவோடு வந்த ஒருவரை நான் முதல் நாளே இரண்டு முறை தூக்கி நிறுத்தியிருக்கிறேன். பென்குவின் போலச் சிறு சிறு அடியாக, பாதம் முழுவதும் படும்படி நடக்க வேண்டும் என்று ஜப்பானியர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

விழா நாட்களுக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. யோகோதேயில் ஒரு காட்சிக்கூடத்தில் சுழியத்துக்குக் கீழே 10 பாகைக் குளிரூட்டிய அறையில் ஆண்டு முழுவதும் ஒரு கமகுராவை வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கூப்பிடச் சிறுமி இல்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். கனசாவா நகரின் கென்ரோகு தோட்டத்தில் பைன் மரக் கிளைகள் பனியின் பாரத்தில் முறியாதபடி உயர்ந்த கம்பங்களிலிருந்து கயிறு கட்டித் தாங்கும் 'யுகிட்ஸுரி' பற்றியும், ஷிரகாவாகோ கிராமத்தைப் பற்றியும் நிறைய சொல்ல நினைத்து வந்தேன். 1995-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான அந்தக் கிராமத்தின் புல் வேய்ந்த கூரைகள், பனி தங்காதபடி மிகச் செங்குத்தாக நிற்பவை. கூரையின் மரங்களை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், ஊரே கூடித்தான் கூரை மாற்றுகிறார்கள். அந்தக் கூரைக்கு 'கஸ்ஷோ' என்று பெயர், கூப்பிய கை என்று பொருள். பனிக்கால மாலைகளில் விளக்கேற்றிக் காட்டும் நாட்கள் மிகச் சிலவே; முன்பதிவு இல்லாமல் அப்போது அனுமதிப்பதில்லை என்பதால் தேதி அறிவித்தவுடன் பதிந்துகொள்ளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.