வீட்டுத் தட்டையெல்லாம் உலையில போட்டுச் செஞ்ச சிலை!

தட்டு, கிண்ணம், பரிமாறுற பாத்திரம்னு வீட்டுல இருந்த 200 உருப்படி. அத்தனையையும் உருகுற உலோகத்துல தூக்கிப் போட்டுட்டார் ஒருத்தர். எதுக்கு? ஒரு சிலையைக் காப்பாத்த! அது இன்னைக்கும் இத்தாலியில, ஃபுளோரன்ஸ் நகரச் சதுக்கத்துல நிக்குது. மெடூசாங்கற அரக்கியோட தலையை வெட்டின கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸோட சிலை.

[திரையில்: பெர்சியஸ் சிலை, கையில மெடூசா தலை]

பின்னணியைச் சட்டுனு சொல்லிடறேன். மறுமலர்ச்சிக் காலம். சிலையைச் செஞ்சவர் பென்வெனுட்டோ செல்லினி, பொற்கொல்லர். 1545ல ஃபுளோரன்ஸை ஆண்ட டியூக் கோசிமோ இதைச் செஞ்சு தரச் சொல்லிக் கேட்டார், 1554ல சிலையைத் திறந்தாங்க. அவ்வளவுதான். இப்ப சிலையை வார்த்த அந்த ராத்திரிக்கு வாங்க.

மெழுகு உருவத்து மேல மண் அப்பி, மெழுகை உருக்கி எடுத்து, அந்த வெற்றிடத்துல வெண்கலம் ஊத்தணும். அச்சு தயார். உலை எரியுது. பட்டறைக் கூரையில தீப்பிடிக்குது. தோட்டத்துப் பக்கம் மழையும் காத்தும் அடிச்சு உலை சூடு இறங்குது. செல்லினி கடும் காய்ச்சல்ல படுத்துட்டார். அப்ப 'எஸ்' எழுத்து மாதிரி உடம்பு கோணின ஒரு ஆள் வந்து, வேலை பாழாப்போச்சுன்னு சொல்றான். உலையில உலோகம் கட்டிதட்டிடுச்சு!

உடுத்திவிட வந்தவங்களை உதைச்சு அடிச்சுக்கிட்டே ஓடறார் மனுஷன். எதிர்வீட்டுக் கசாப்புக்காரர் வீட்டுல இருந்து காஞ்ச ஓக் விறகு வருது. உலோகம் இளகுது. ஆனா ஓட மாட்டேங்குது.

ஏன்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும். செம்பு உருக 1085 டிகிரி வேணும், வெள்ளீயத்துக்கு 232 போதும். உங்க வீட்டுல ஈயச்சொம்பு இருக்கா? வெறும் சொம்பை அடுப்புல வெச்சா என்ன ஆகும்னு பாட்டியைக் கேளுங்க. ரசம் இருக்குற வரைக்கும் சொம்பு நிக்கும், வத்திட்டா சொம்பே உருகி அடுப்புல ஓடும். அதே வெள்ளீயம் கலந்தாதான் செம்பும் சீக்கிரம் இளகி ஓடும். அந்த வெள்ளீயம் தீயில எரிஞ்சு போச்சுன்னு செல்லினிக்குப் புரிஞ்சுது. அவர் வீட்டுத் தட்டெல்லாம் வெள்ளீயத் தட்டு. ஒண்ணொண்ணா, கொஞ்சத்தை உலோகம் ஓடற வாய்க்கால்லயும் மீதியை உலையிலயும் போட்டார். ஓடுச்சு! அச்சு நிறைஞ்சுது. ஆறினப்புறம் மண்ணை எடுத்துப் பார்த்தா, வலது கால் விரல்கள்ல மட்டும் கொஞ்சம் குறை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? 1558ல ஆரம்பிச்சு, ஒரு பையனை எழுதச் சொல்லித் தன் சுயசரிதையைச் சொன்னார் செல்லினி. பெருமை பேசற ஆள்தான், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். ஆனா உலோகம் மறுபடி உருகினதைச் செத்தவனை எழுப்பினதுன்னு சொல்றார் பாருங்க, அங்க எனக்குச் சிலிர்த்துது. கடவுள் செய்யற வேலைன்னு நம்பினதை, ஒரு கொல்லர் தன் உலைக்குச் சொல்றார். சிலை மட்டுமில்லை, அதைச் செஞ்ச பாடும் இலக்கியமாச்சு. பெர்சியஸ் மார்புல குறுக்கே போற வார்ல தன் பேரையும் பொறிச்சிருக்கார்.

நீங்களா இருந்தா தட்டைப் போட்டிருப்பீங்களா? கமென்ட்ல சொல்லுங்க.

தட்டு போன வீட்டுல அப்புறம் எதுல சாப்பிட்டாங்க? அதையும் எழுதியிருக்கார். உடனே ஆள் அனுப்பி மண் பாத்திரம் வாங்கி, வீட்டுல இருந்த எல்லாரும் சந்தோஷமா உக்காந்து சாப்பிட்டாங்களாம்.