சாயேமிதோரி: பெற்றோரின் சாயல் தெரியும் தேயிலை

அவையோருக்கு வணக்கம்.

ஜப்பானியப் பச்சைத் தேயிலை என்றதும் மண்ணைப் பேசுகிறோம், மலையைப் பேசுகிறோம், கொழுந்தை ஆவியில் அவிக்கும் பக்குவத்தைப் பேசுகிறோம். செடியின் ரகத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். பாதிச் சுவை அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குச் சாட்சி, சாயேமிதோரி என்ற ரகம்.

தேயிலைச் செடி தன் மகரந்தத்தால் எளிதில் காய்க்காது. அயல் மகரந்தம் வேண்டும். அதனால் விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு செடியும் ஒரு தினுசு. நல்ல செடி ஒன்று கண்ணில் பட்டால், அதன் தண்டை வெட்டி நட்டு வேர்விடச் செய்துதான் அதே குணத்தோடு பெருக்க முடியும்.

ஜப்பானின் ஷிசுவோகாவில் சுகியாமா ஹிகோசபுரோ என்றொருவர் அப்படி நல்ல செடிகளைத் தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். மூங்கில் புதரை அழித்த நிலத்தின் வடபுறத்தில் அவர் 1908இல் தேர்ந்தெடுத்த செடிதான் யாபுகிதா. குளிரைத் தாங்கும், எளிதில் வேர்பிடிக்கும், ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் பச்சைத் தேநீரான சென்சாவுக்கு நல்ல மணம் தரும். ஆனால் அரசுப் பதிவு கிடைத்தது 1953இல். அவர் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து. எனக்கு இது இன்றும் வருத்தம் தருகிறது. இன்று ஜப்பானின் தேயிலைப் பரப்பில் பாதிக்கு மேல் அவர் கண்டெடுத்த அந்த ஒரு செடியின் வழிவந்ததுதான். அதில் ஒரு சங்கடமும் உண்டு: எல்லாத் தோட்டமும் ஒரே சமயத்தில் பறிப்புக்கு வந்து நிற்கும்.

அசாத்சுயு வேறு குணம். ஊஜி என்ற ஊரின் தேயிலை விதையிலிருந்து தேர்ந்த ரகம். நிழலில் வளர்க்கும் உயர்ரகத் தேயிலையான கியோகுரோவின் பெயரால் ‘இயற்கை கியோகுரோ’ என்று பெயரெடுத்தது. தேயிலைக்கு இன்சுவை தரும் தியானின் வேரில் உருவாகிக் கொழுந்துக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் அது குறைந்து, துவர்ப்புத் தரும் கேட்டச்சின்கள் கூடுகின்றன. கியோகுரோவுக்குச் சுமார் 20 நாள் நிழல் போடுவது அதனால்தான். அசாத்சுயுவோ நிழல் இல்லாமலே அந்த இனிமையை நெருங்குகிறது.

யாபுகிதா, அசாத்சுயு இரண்டையும் தென் ஜப்பானின் ககோஷிமாவில், மகுராசாகியில் உள்ள ஆய்வு நிலையத்தில் இனக்கலப்பு செய்தார்கள். பிறந்தது சாயேமிதோரி, 1990இல் பதிவானது. கோப்பையில் ஊற்றினால் பளிச்சென்ற பச்சை, மிகக் குறைந்த துவர்ப்பு, நாக்கில் தங்கும் உமாமி எனும் இன்சுவை: அதெல்லாம் அசாத்சுயு வழி. அடியில் ஓடும் திடம் யாபுகிதாவுடையது. யாபுகிதாவின் விறுவிறுப்பான மணத்தை விரும்புகிறவருக்கு இது சற்று அடக்கமாகத் தோன்றும்; எனக்கு அந்த அடக்கமே பிடித்திருக்கிறது.

விவசாயிக்கு மட்டும் கவலை குறைவதில்லை. யாபுகிதாவுக்குச் சில நாள் முந்தியே துளிர்ப்பதால் உறைபனியில் இளந்துளிர் கருகிவிடும். மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளக் கம்பங்களில் விசிறிகள் வைக்கிறார்கள். வெப்பமான ககோஷிமாவில் இந்த ரகம் நிலைபெற்றதற்குக் காரணமும் இந்த உறைபனி அச்சமே.

ரகத்தின் வலிமையைக் காட்ட பெனிஃபூக்கி போதும். டார்ஜிலிங் வழிவந்த செடி ஒன்று அதன் பெற்றோரில் ஒன்று. கறுப்புத் தேநீருக்கென உருவாக்கிய ரகம். அதையும் சென்சா போலவே ஆவியில் அவித்தால் கடுந்துவர்ப்புதான் மிஞ்சுகிறது.

கடைகளில் கிடைக்கும் சென்சா பெரும்பாலும் பல தேயிலைகளைக் கலந்தது. தனி ரகம் என்று குறிப்பிட்ட பொட்டலங்களைக் கேட்டு வாங்குங்கள். யாபுகிதாவையும் சாயேமிதோரியையும் ஒரே அளவு எடுத்து, 70 டிகிரி நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, அடுத்தடுத்துக் குடித்துப் பாருங்கள்.