கற்பனைத் தீவுக்கும் கணக்கு உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

எரிமலைத் தீவுக்கூட்டம், வேறெங்கும் இல்லாத விலங்குகள், அழிந்துபோன ஒரு நாகரிகம். கதை எழுத உட்காரும் பலருக்கும் இந்த மூன்றின் மீதும் ஆசை வரும். எனக்கும் பிடித்த விளையாட்டுதான். ஆனால் பல கற்பனைத் தீவுகளில் மலை ஒரு பக்கம் புகைகிறது, விலங்கு ஒரு பக்கம் உறுமுகிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. உண்மையில் எரிமலைதான் அங்கே முதலாளி. மற்ற எல்லாரும் அது சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஹவாயைப் பாருங்கள். பூமிக்கு அடியிலிருந்து வெப்பம் எழும் இடம் ஏறத்தாழ அப்படியே நிற்க, மேலே பசிபிக் கடலின் தரையான பசிபிக் தட்டு என்ற பெரும் பாறைப் பலகை ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை வடமேற்கே நகர்கிறது. அதனால் தீவுகள் வரிசையாகப் பிறக்கின்றன. தென்கிழக்குக் கோடியில் உள்ள பெரிய தீவுக்கு 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. இன்னும் நெருப்பு கக்குகிறது. வடமேற்கே காவாய் தீவுக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு. மழையும் ஆறும் அறுத்து அறுத்து அங்கே பெரும் பள்ளத்தாக்குகள் விழுந்திருக்கின்றன. இளம் எரிமலைப் பாறையிலோ பெய்த மழை விரிசல்களில் இறங்கி மறைந்துவிடும். ஆகவே உங்கள் தலைநகரத்தை முதிய தீவில், ஓடைக்கரையில் வையுங்கள். குமுறும் தீவுக்கு ஊர்மக்கள் கண்ணாடிக் கல் எடுக்கப் போய்வரட்டும்; எரிமலைக் குழம்பு சட்டென ஆறி உறைந்த, கூராக உடையும் கல் அது. கிரேக்கத்தை ஒட்டிய ஏஜியன் கடலில் மிலோஸ் தீவின் எரிமலைக் கண்ணாடியைத் தேடி, வேளாண்மை தொடங்கும் முன்பே மனிதர்கள் படகேறியிருக்கிறார்கள்.

கடலடியிலிருந்து எழுந்த தீவு எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. பறந்தும் நீந்தியும் மிதந்தும் வந்தவைதான் அங்கே குடியிருக்கும். 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. மறு ஆண்டு போய்ப் பார்த்தவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. நூலைக் காற்றில் விட்டு, அதைப் பற்றிக்கொண்டே கடல் தாண்டியிருக்கும். ஹவாயிலும், தென் அமெரிக்காவுக்கு மேற்கே உள்ள கலாபகோஸ் தீவுகளிலும் இயற்கையாகத் தவளை கிடையாது; அதன் ஈரத்தோல் உப்புநீரைத் தாங்காது. கதையில் தவளை இல்லாமல் முடியாதா? காரணம் சொல்லிவிட்டுக் கொண்டுவாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே சாவ் தோமே என்ற எரிமலைத் தீவில் தவளைகள் உண்டு. பெரிய ஆறுகள் கடலுக்குள் தள்ளிய செடிகொடித் திட்டுகளில் அவை வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

விசித்திர விலங்கு என்றதும் மூன்று தலையை ஒட்டவைக்கிறார்கள். எதற்கு? கலாபகோஸின் கடல் உடும்பு கருத்த பாறையில் படுத்து வெயில் காய்ந்துவிட்டுக் கடலில் மூழ்கிப் பாசி மேய்கிறது. உடலில் சேர்ந்த உப்பை மூக்கு வழியே சீறித் தள்ளுகிறது. அது தலையிலேயே விழுந்து வெள்ளையாகக் காய்கிறது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்தில் பாசி குறைந்தால் அதன் உடல் நீளமே குறைகிறது, பிறகு மீண்டும் வளர்கிறது! இதற்குமேல் நான் என்ன கற்பனை செய்வது?

நாகரிகத்துக்கு வருவோம். ஒரே இரவில் கடல் விழுங்கியது என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கிரேக்கத்தின் தேரா தீவில் அக்ரோதிரி என்றோர் ஊர். மாடி வீடுகள், கழிவுநீர்க் கால்வாய், சுவரில் குருவிகளும் நீலக் குரங்குகளும். கி.மு. 1600ஐ ஒட்டி எரிமலைச் சாம்பல் அதை மூடியது. 1967இல் கிரேக்கத் தொல்லியலாளர் மரினாட்டோஸ் அங்கே தோண்டத் தொடங்கினார். இதுவரை ஊருக்குள் மடிந்தவர் உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முதலில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. மக்கள் இடிபாட்டை அள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள், கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறகுதான் கிளம்பியிருக்கிறார்கள்.

உங்கள் தீவுவாசிகளுக்கும் மூட்டை கட்ட அவகாசம் கொடுங்கள். பொன் குவிந்த ரகசிய அறை மட்டும் வேண்டாம்; தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டுதான் படகேறியிருப்பார்கள். கனத்த தாழிகளும் பெயர்க்க முடியாத சுவரோவியங்களும் மிஞ்சியிருக்கட்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.